கதிருக்கு எவ்வளவு, வைக்கோலுக்கு எவ்வளவு: குட்டை நெல்லை முன்வைத்துச் சில குறிப்புகள்

பசுமைப் புரட்சி பற்றி நம்மிடையே இரண்டு கதையாடல்கள்தான் புழக்கத்தில் இருக்கின்றன. பட்டினியில் சாகவிருந்த கோடிக்கணக்கான ஜனங்களை ஒரு சில விஞ்ஞானிகள் காப்பாற்றினார்கள் என்பது ஒன்று. மண்ணோடு இயைந்து வாழ்ந்த விவசாயியை அந்நிய விதை கெடுத்துவிட்டது என்பது மற்றது. நெற்செடிக்குள் என்ன நடந்தது என்று பார்க்காமலே இரண்டும் பேசப்படுகின்றன. நான் தாவரவியல் படித்தவனல்ல, தமிழ் படித்தவன். ஆனாலும் செடிக்குள் நடந்ததைத் தெரிந்துகொள்ளாமல் அதன் அரசியலைப் பேசுவது, பிரதியை வாசிக்காமல் விமர்சனம் எழுதுகிற காரியம் என்று எனக்குப் படுகிறது.

நெல் பெரும்பாலும் தன் பூவுக்குள்ளேயே மகரந்தச் சேர்க்கையை முடித்துக்கொள்கிற பயிர். இரண்டு ரகங்களைக் கலக்க வேண்டுமென்றால் பூ விரிவதற்கு முன்பே அதன் உமி நுனியை வெட்டி, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தத் தாள்களையும் எடுத்துவிட வேண்டும். பிறகு வேறொரு ரகத்தின் மகரந்தத்தை அதன்மேல் தூவி, மற்றது எதுவும் படாமல் உறை போட்டு மூட வேண்டும். பயிர்ப்பெருக்கம் என்று பெரிய பெயரில் சொல்லப்படுவதன் முதல் வேலை இந்தக் கைவேலைதான்.

ஃபோர்டு, ராக்ஃபெல்லர் அறக்கட்டளைகளின் பணத்தில் 1960இல் பிலிப்பைன்ஸின் லாஸ் பானோஸில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அங்கே 1962இல் பீட்டர் ஜென்னிங்ஸ், பீட்டா என்னும் இந்தோனேசிய நெட்டை ரகத்தையும் டீ-ஜியோ-வூ-ஜென் என்னும் தைவான் குட்டை ரகத்தையும் கலந்தார். கிடைத்தவை 130 விதைகள். முதல் தலைமுறை முழுக்க நெட்டையாகவே வளர்ந்தது. அதன் விதையை விதைத்து எடுத்த இரண்டாம் தலைமுறையில், சுமார் 10,000 செடிகளில், நாலில் ஒன்று குட்டை. மெண்டல் பட்டாணியில் கண்ட அதே கணக்கு. குட்டை என்பது ஒற்றை மரபணுவின் வேலை, ஆகவே எந்த ரகத்துக்கும் மாற்றிவிடலாம் என்பது அந்த வயலில் உறுதியாயிற்று. குட்டைகளை வைத்துக்கொண்டு நெட்டைகளைக் கழித்தார்கள். பின்னால் ஹென்றி பீச்செல் பொறுக்கியெடுத்த ஒரு வரிசைதான் 1966இல் ஐ.ஆர்.8 என்று வெளியானது.

அட, குட்டையாக இருந்தால் என்ன லாபம் என்று கேட்கலாம். தழைச்சத்தை அள்ளிப் போட்டால் நெட்டை நெல் இன்னும் உயரும், கதிர் கனத்தில் சாயும், தண்ணீரில் படுத்துவிடும். சாய்ந்த பயிரில் பாதி பதர். குட்டை நெல் எவ்வளவு போட்டாலும் நிமிர்ந்து நிற்கும். லாஸ் பானோஸ் சோதனை வயலில் ஐ.ஆர்.8 ஹெக்டேருக்கு 9 டன்னுக்கு மேல் கொடுத்தது. கோதுமையிலும் இதே கதைதான். ஜப்பானின் நோரின் 10 என்ற குட்டைக் கோதுமை 1946இல் அமெரிக்கா போய், அங்கிருந்து மெக்சிகோவில் நார்மன் போர்லாக் கைக்கு வந்து, 1966இல் 18,000 டன் விதையாக இந்தியாவில் இறங்கியது.

ஏன் குட்டையாகிறது என்பது வெகுகாலம் கழித்தே துலங்கியது. 1926இல் தைவானில் குரோசாவா என்பவர், நெல் நாற்று ஒட்டடையாக நெட்டுக்கு வளர்ந்து சாகிற ஒரு நோயை ஆராய்ந்தார். ஜப்பானிய விவசாயிகள் அதற்கு வைத்திருந்த பெயருக்குப் பொருள் ‘முட்டாள் நாற்று’. பூஞ்சை சுரக்கும் ஒரு பொருள்தான் அந்த வளர்ச்சிக்குக் காரணம். பிறகு ஜிப்ரலின் என்று பெயர் பெற்ற அதைச் செடியும் தானாகவே அளவோடு உண்டாக்கிக்கொள்கிறது. குட்டை நெல்லில் அதை உண்டாக்கும் நொதி ஒன்று பழுது. இது 2002இல் தெரியவந்தது. குட்டைக் கோதுமையில் பொருள் இருக்கிறது, செடிதான் அதற்கு மசிவதில்லை. இது 1999இல் தெரியவந்தது. ‘வளர்’ என்ற கட்டளை நெல்லில் போதிய அளவு பிறப்பதில்லை, கோதுமையில் காதில் விழுவதில்லை. ஆக நாம் அதிசய விதை என்று கொண்டாடியதன் அடியில் இருப்பது ஒரு குறை.

இங்கேதான் நான் நிறுத்திப் பார்க்க விரும்புகிறேன். உரத்தால் பயிரின் மொத்த எடை கூடியது வாஸ்தவம்தான். ஆனால் குட்டை மரபணுவின் சொந்தச் சாதனை வேறு. அது பங்கீட்டை மாற்றியது. பழைய நெட்டை ரகத்தில் தரைக்குமேல் உள்ள எடையில் தானியத்தின் பங்கு ஏறக்குறைய பத்தில் மூன்று. குட்டை ரகத்தில் பத்தில் ஐந்து. தண்டுக்குப் போனது கதிருக்குத் திருப்பிவிடப்பட்டது. அறிவியல் இதற்கு ‘அறுவடைக் குறியீடு’ என்று பெயர் வைத்து மகசூலாகக் கணக்கிடுகிறது. சரி, எதை மகசூல் என்று எண்ணுவது, எதைக் கழிவு என்று தள்ளுவது? வைக்கோல் மாட்டுக்குத் தீனி, கூரைக்கு வேய்ச்சல், வண்டிக்கு மெத்தை. மாடு வைத்திருப்பவனுக்கும் குடிசையில் இருப்பவனுக்கும் அதுவும் மகசூல்தான். சந்தைக்கு விற்கிறவனுக்கு மட்டுமே தானியம் ஒன்றே மகசூல். செடிக்குள் நடந்த இந்தப் பங்கீட்டில் ஊருக்குள் நடக்கும் பங்கீடு பற்றிய ஒரு முன்முடிவு ஒளிந்திருக்கிறது. அந்த முடிவை எடுத்த இடத்தில் மாட்டுக்காரனும் இல்லை, குடிசைக்காரனும் இல்லை.

இதைச் சொன்னதும் பாரம்பரிய நெல்லைத் தூக்கிப்பிடிக்கிற நண்பர்கள் ‘அதைத்தான் நாங்களும் சொல்றோம்’ என்று வந்துவிடுவார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் என்று பெயர்களைச் சொல்லும்போதே வாயில் ஒரு ருசி தட்டுகிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த நெல்லை நட்டது யார், எந்தச் சேரியிலிருந்து வந்து, எவ்வளவு கூலிக்கு நட்டாள் என்பதை அந்தப் பெயர்கள் சொல்வதில்லை. பண்ணையாள் முறை நெட்டை நெல் காலத்தில்தான் செழித்தது. புது ரகங்கள் தஞ்சைக்கு வந்த பத்தாண்டில்தான் கூலி நெல்லை உயர்த்திக் கேட்ட கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். அந்தப் பழியை விதையின்மேல் போடுவது நிலத்தையும் சாதியையும் தப்பவிடுகிற தந்திரம். விதை அந்தக் கொடுமையை உண்டாக்கவில்லை. அதைத் தொடவும் இல்லை. நிலம் யாரிடம் இருந்ததோ அவரிடமே கூடுதல் மகசூலையும் கொண்டுபோய்ச் சேர்த்தது, அவ்வளவுதான்.

‘அந்நிய விதை’ என்ற வசையும் நிற்காது. ஐ.ஆர்.8இன் ஒரு பெற்றோரான பீட்டாவே ஒரு கலப்பு. அதன் பெற்றோரில் ஒன்றான லதிசைல் வங்காளத்து நெல். நம்மூரில் பரவலாக விளைந்த ஐ.ஆர்.20இன் பெற்றோரில் ஒன்று திரூர்க்குப்பத்தின் டி.கே.எம்.6. அதன் பெற்றோரில் ஒன்று ஜி.இ.பி.24. கோணமணி வயலில் தானாகத் தோன்றிய மாற்றுச் செடியிலிருந்து கோவை நெல் ஆராய்ச்சி நிலையம் 1921இல் எடுத்தது அது. பெயரைக் கவனியுங்கள்: ‘அரசாங்கப் பொருளாதாரத் தாவரவியலாளர்’ என்ற பதவியின் ஆங்கில முதலெழுத்துகள். நெல்லுக்கு ஒரு நாற்காலியின் பெயர்! டீ-ஜியோ-வூ-ஜென் என்றால் ‘குட்டைக்கால் கருமுனை’ என்று பொருள். அதாவது குட்டையைக் கண்டுபிடித்துப் பெயரும் வைத்து, ஆண்டுதோறும் விதை எடுத்துக் காப்பாற்றியவர்கள் சீன மொழி பேசிய விவசாயிகள். ஜென்னிங்ஸ் பெயர் இருக்கிறது, பீச்செல் பெயர் இருக்கிறது, அவர்கள் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை. ஆசிரியன் யார் என்ற கேள்வியை இலக்கியத்தில் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் போதாது.

அப்படியானால் ஆராய்ச்சியே வேண்டாமா? அப்படியில்லை. ஒடிசாவின் உள்ளூர் நெல்லிலிருந்து எடுத்த எஃப்.ஆர்.13ஏ என்ற ரகம் வெள்ளத்தில் மூழ்கினாலும் சாவதில்லை. அதன் காரணமான மரபணுவை 2006இல் இனங்கண்டார்கள். அதை ஏற்றிய ஸ்வர்ணா-சப்1, 2009இல் இந்தியாவில் வெளியானது. இரண்டு வாரம்வரை நீருக்குள் கிடந்தும் பிழைக்கும். வெள்ளம் தேங்கும் பள்ளக்காடு பெரும்பாலும் யாரிடம் இருக்கும்? ஒடிசாவில் நடந்து 2013இல் வெளியான ஆய்வு ஒன்று, தாழ்த்தப்பட்ட சாதியாரின் நிலங்களே அதிகம் மூழ்குவதால் இந்த விதையின் பயன் அவர்களுக்கே கூடுதலாகச் சேரும் என்று காட்டியது. அதே மகரந்தம், அதே கைவேலை. எதைப் பொறுக்குவது என்ற இலக்கு மாறியதும் பயனடைகிறவரும் மாறினார்.

2025 மே மாதம் மரபணுத் திருத்தம் செய்த இரண்டு நெல் ரகங்களை இந்திய அரசு அறிவித்தது. இனிமேல் பத்தாயிரம் செடியில் பொறுக்க வேண்டியதில்லை, வேண்டிய எழுத்தை மட்டும் திருத்தலாம். கருவி கூர்மையாகும்போது, இலக்கை யார் தீர்மானிப்பது என்ற கேள்வியும் கூர்மையாகிறது. விதையைச் சேமிக்கவும் மாற்றிக்கொள்ளவும் விற்கவும், தன் ரகத்தைத் தன் பெயரில் பதியவும் 2001ஆம் ஆண்டுச் சட்டம் விவசாயிக்கு உரிமை தருகிறது. ஆனால் ஆராய்ச்சி நிலையத்தின் அடுத்த ரகத்துக்கு எந்தக் குணம் வேண்டும் என்று சொல்லும் உரிமையை அது தரவில்லை. குத்தகைக்காரனும், நடவுக்குப் போகிற பெண்ணும், மாடு வைத்திருக்கிறவளும் அந்த மேசையில் உட்கார வேண்டும் என்பதை நம் இயக்கங்கள் ஒரு கோரிக்கையாகவே வைக்கவில்லை. நிலத்தைக் கேட்டோம், கூலியைக் கேட்டோம். கதிருக்கு எவ்வளவு, வைக்கோலுக்கு எவ்வளவு என்று தீர்மானிக்கிற இடத்தையும் கேட்டாக வேண்டும்.