தாரை நீரும் தைலத் துளியும்

அக்னி நட்சத்திர நாட்களில் ஆலயம் செல்லும் பெரியோர்களுக்கு

சூரிய பகவான் பரணியின் மூன்றாம் பாதத்தில் புகுந்து, கிருத்திகையைக் கடந்து, ரோகிணியின் முதல் பாதத்தை விட்டு நீங்கும் வரையுள்ள காலத்தை அக்னி நட்சத்திரம் என்கிறோம். கிருத்திகைக்கு அதிதேவதை அக்னி என்பதால் அப்பெயர். மே மாதம் 4ஆம் தேதியையொட்டித் தொடங்கி 28ஆம் தேதியையொட்டி நிறைவுறும் இந்நாட்களில், சிவாலயங்கள் பலவற்றில் மூலவரின் திருமுடிக்கு மேலே தாரா பாத்திரம் கட்டியிருப்பார்கள். அடியில் நுண்துளையுடைய அப்பாத்திரத்திலிருந்து நீர் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டே இருக்கும். நெருப்பு மலையாக நின்ற திருவண்ணாமலை ஈசனுக்கும் இந்தத் தாராபிஷேகம் உண்டு.

அப்பாத்திரத்தில் நிறைந்திருப்பது தண்ணீர். அதில் ஒரு பிடி வெட்டிவேர், சிறிது ஏலம், ஒரு சிட்டிகை பச்சைக் கற்பூரம். குளிர்விப்பது நீர், வாசனைத் திரவியங்கள் அதற்குத் துணை. சந்நிதியில் இந்த அளவு மாறுவதில்லை. நம் வீடுகளில்தான் மாறிவிடுகிறது. பிராகாரக் கல் சுட்டுக் கால் கொப்பளித்தாலும், வெயிலில் தலை சுற்றினாலும், குளவி கொட்டினாலும், முதலில் கை போவது அலமாரியிலுள்ள தைலப் புட்டியை நோக்கி. தண்ணீர் பிற்பாடுதான் நினைவுக்கு வருகிறது.

தைலம் என்ற ஒரே சொல்லால் நாம் இரு வேறு பொருட்களைக் குறிப்பதும் இதற்கு ஒரு காரணம். திருவரங்கத்தில் பெரிய பெருமாளின் திருமேனி சுதையால் ஆனது. ஆகவே மூலவருக்குத் திருமஞ்சனம் இல்லை. ஆனி மாத ஜேஷ்டாபிஷேகத்தையொட்டித் தைலக்காப்பு சாற்றப்படுகிறது. வாசனைப் பொருட்களைச் சேர்த்துப் பதமாகக் காய்ச்சியெடுக்கும் தைலம் அது. சித்த, ஆயுர்வேத மருத்துவர்கள் தரும் தைலங்களும் பெரும்பாலும் இவ்வகையே. நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ அடிப்படையாக இருக்கும்; மூலிகையின் சாரம் அதில் இறங்கியிருக்கும்.

உதகையிலும் குன்னூரிலும் சிறு புட்டிகளில் வாங்கி வருகிறோமே, அந்த நீலகிரித் தைலம் இவ்வகையன்று. யூகலிப்டஸ் இலைகளைக் கொதிகலத்தில் அடைத்து நீராவியைச் செலுத்துவார்கள். ஆவி இலையின் வாசனைச் சத்தைச் சுமந்துகொண்டு வெளியேறும். அதைக் குளிரவைத்தால் நீரின் மேல் எண்ணெய் மிதக்கும். கிராம்பு எண்ணெய், எலுமிச்சைப்புல் எண்ணெய், புதினா எண்ணெய், வெட்டிவேர் எண்ணெய், சந்தன எண்ணெய் எல்லாம் வடித்தெடுக்கப்படுபவையே. ஒரு துளியைக் காகிதத்தில் விட்டுப் பார்த்தால், பெரும்பாலானவை எண்ணெய்க் கறை விடாமல் ஆவியாகிவிடும். கூடை கூடையாக இலையைப் போட்டால் ஒரு சிறு புட்டிதான் தேறும். அவ்வளவு செறிவான பொருளை அப்படியே தோலில் தேய்ப்பது, தாரா பாத்திரத்தில் நீரில்லாமல் கற்பூரத்தை மட்டும் நிரப்புவது போன்றது.

வயது ஏற ஏறத் தோல் மெலிகிறது. முதியவர்களுக்கு ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய்க்கு ஒரு துளி நறுமண எண்ணெய் போதும். ஏறத்தாழ 1 சதவீதம். புதிய எண்ணெயாக இருந்தால், அவ்வாறு கலந்ததை முன்கையின் உட்புறம் சிறிது தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். அரிப்போ சிவப்போ தோன்றினால் அந்த எண்ணெய் உங்களுக்கு ஆகாது.

குளிர்ச்சியும் குளிர்ந்தாற்போன்ற உணர்வும்

நெற்றியில் தைலம் தடவியவுடன் ஜில்லென்று இருக்கிறது. உண்மையில் அங்கே சூடு குறைந்துவிடவில்லை. குளிரை உணர்வதற்கென்று தோலில் உள்ள நரம்பு முனைகளைப் புதினா உப்பு தூண்டிவிடுகிறது. மூளை அதைக் குளிர் என்று எடுத்துக்கொள்கிறது. வெப்பமானி வைத்துப் பார்த்தால் உடல் வெப்பம் இருந்தபடியே இருக்கும். சந்தனம் அப்படியன்று. கல்லில் நீர்விட்டு இழைத்த சந்தனத்தைப் பூசினால், அதிலுள்ள நீர் ஆவியாகும்போது தோலின் சூட்டையும் உடன் கொண்டுபோகிறது. வெட்டிவேர்த் தட்டியில் நீர் தெளித்தால் காற்று குளிர்வதும் இவ்வாறே. வேர்க்குருவால் அவதியுறுவோர் எண்ணெய் எதையும் பூச வேண்டாம். எண்ணெய் வியர்வைத் துவாரங்களை மேலும் அடைக்கும். இருவேளைக் குளியல், நெகிழ்ந்த பருத்தி ஆடை, வீட்டில் இழைத்த சந்தனம் ஆகியவையே நலம்.

இவ்வேறுபாடு தலைச்சுற்றலில்தான் மிக முக்கியமாகிறது. தேரோட்டக் கூட்டத்தில் ஒருவர் மயங்கிச் சரிந்தால், சுற்றி நிற்போர் மூக்கருகே தைலத்தை நீட்டுகிறார்கள், நெற்றியில் பூசுகிறார்கள். அன்பால் செய்வதே. ஆனால் அவர் உடல் அனலாய்க் கொதித்து, பேச்சு குழறி, இருக்குமிடம் தெரியாமல் உளறுகிறார் என்றால் அது வெப்பவாதம். உடல் வெப்பம் 104 டிகிரியைத் தாண்டியிருக்கக் கூடும். உடனே நிழலுக்குத் தூக்கிச் செல்ல வேண்டும். மேலாடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி, விசிற வேண்டும். ஒருவர் 108க்குத் தகவல் சொல்ல வேண்டும். நினைவில்லாதவர் வாயில் தீர்த்தமாயினும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். இரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீர் பிரிக்கும் மாத்திரை உண்போருக்கு வெயிலில் நீர்ச்சத்து விரைவில் வற்றும். அவர்கள் கோடைத் திருவிழாவுக்கும் விரத நாட்களுக்கும் முன்பே மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

கல் சுட்ட கால்

கோடையில் பெரியோர்க்கு நேரும் காயங்களில் மிக அதிகம் கவனிக்க வேண்டியது இதுதான். பல ஆலயங்களில் தேங்காய் நார் விரிப்பு போடுகிறார்கள், வெப்பம் தாக்காத வெள்ளைப் பூச்சு பூசுகிறார்கள், நீர் தெளிக்கிறார்கள். ஆயினும் நண்பகலில் விரிப்பை விட்டு ஓரடி விலகினால் கல் நெருப்பாய்ச் சுடும். மாலை ஐந்து மணிக்கும் கருங்கல் தன் சூட்டை முற்றும் விட்டிருக்காது. கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரும் தார்ச்சாலை என்பதை நினைவிற்கொண்டு, சித்ரா பௌர்ணமிக்குச் செல்வோர் வெயில் நன்றாகத் தணிந்த பின்னரே நடையைத் தொடங்கலாம்.

நீரிழிவு நோய் பல்லாண்டுகளாக உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்வு மங்கியிருக்கும். பிறர் துள்ளிக் குதிக்கும் கல்லில் அவர்கள் நிதானமாக நடப்பார்கள். பக்தியின் வலிமையால் சூடு தெரியவில்லை என்று பெருமையாகச் சொல்வதும் உண்டு. வீட்டுக்கு வந்து காலைக் கழுவும்போதுதான் கொப்புளம் கண்ணில் படும். அக்கொப்புளம் உடைந்து, சீழ் வைத்து, விரலையோ பாதத்தையோ இழக்க நேர்ந்தவர்கள் உண்டு. பருத்திக் காலுறை அணிந்து வலம் வருவதை இறைவன் குறையாகக் கொள்ளமாட்டான். ஆலயத்தின் வழக்கத்தை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். வீடு திரும்பியதும் பாதத்தின் அடிப்புறத்தை ஒரு கண்ணாடி வைத்துப் பாருங்கள். அல்லது வீட்டிலுள்ளவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சுட்ட இடத்தில் எந்தத் தைலமும், எந்த எண்ணெயும் தடவக் கூடாது. குழாய்த் தண்ணீர் 20 நிமிடங்கள் அதன்மேல் ஓட வேண்டும். பனிக்கட்டி வேண்டாம். மெட்டி, கொலுசு இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றிவிட வேண்டும். பற்பசை, மை, மஞ்சள், வெண்ணெய் இவற்றில் ஒன்றும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல் தூய துணியால் தளர மூடுங்கள். உள்ளங்கையை விடப் பெரிய புண்ணானாலும், நீரிழிவு உள்ளவர்க்கு எவ்வளவு சிறிய புண்ணானாலும், அன்றே மருத்துவரைக் காண வேண்டும்.

வெளிநாட்டில் வாழும் பிள்ளைகள் லாவெண்டர் எண்ணெய் வாங்கி அனுப்பி, தீப்புண்ணுக்கு இது கைகண்டது என்று சொல்லியிருப்பார்கள். ரெனே மாரிஸ் கட்டேஃபோசே என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1910இல் ஆய்வகத்தில் தீக்காயமுற்று, கையை லாவெண்டர் எண்ணெயில் அமிழ்த்தியதும் ஆறிவிட்டதாக ஒரு கதை உலவுகிறது. 1937இல் வெளிவந்த தம் நூலில் அவரே எழுதியிருப்பதோ, பிற்பாடு கைகள் அழுகத் தொடங்கியபோது அவ்வெண்ணெயால் கழுவியதைப் பற்றி. புதிய தீப்புண்ணில் அதை ஊற்றும்படி அவர் கதை நமக்குச் சொல்லவில்லை. அந்த எண்ணெயை ஒரு துளி பஞ்சில் விட்டுத் தலையணை அருகே வைத்துக்கொள்ளலாம், வாசனை இதமானது.

தைலத்துக்கும் வேலை உண்டு

இவ்வளவும் சொன்னதால் தைலப் புட்டியை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. வலம் முடித்து வந்தபின் கணுக்காலும் கெண்டைச்சதையும் வலித்தால், ஐந்து தேக்கரண்டி நல்லெண்ணெயில் ஐந்து துளி நீலகிரித் தைலம் கலந்து மெல்ல நீவிவிட்டால் சுகமாக இருக்கும். புண், வெடிப்பு, உணர்வு மங்கிய பாதம் ஆகியவற்றை மட்டும் விட்டுவிடுங்கள். தடவியபின் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதும் துணி கட்டுவதும் தோலைப் புண்ணாக்கும்.

வெயில் தலைவலிக்கு முதலில் நிழல், பிறகு மோர் அல்லது நீர், அதன்பின் நெற்றிப்பொட்டில் தைலம் என்பது முறை. தேசோத்தாரக நாகேஸ்வர ராவ் பந்துலு 1893இல் பம்பாயில் தொடங்கிய அமிர்தாஞ்சனம் பின்னர் சென்னைக்கு வந்தது. அந்நாளில் சங்கீதக் கச்சேரிகளில் அதை இலவசமாக வழங்கி மக்களுக்குப் பழக்கினார் என்பர். மயிலாப்பூர் லஸ் பகுதியில் அவர் பெயரால் உள்ள பூங்காவில் நம் வாசகர்கள் பலர் நடைப்பயிற்சி செய்திருப்பார்கள். அந்த மஞ்சள் களிம்பைப் போன்றவற்றை மெல்லிய பூச்சாகத் தடவினால் போதும். ஜெர்மனியில் 1990களில் நடந்த ஓர் ஆய்வில் 10 சதவீதப் புதினா எண்ணெய்க் கரைசலை நெற்றியில் தடவியது, சாதாரணத் தலைவலிக்குப் பாராசிட்டமால் மாத்திரைக்கு நிகராக உதவியது. பாட்டிமார்கள் அறிந்ததுதான்.

கொசுவுக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் ஏற்றது. தேங்காயெண்ணெயில் கலந்து மாலை வேளையில் கை கால்களில் பூசிக்கொள்ளலாம். அதன் பயன் நீண்ட நேரம் நில்லாது. கோபுரங்களில் மலைத்தேனீ கூடு கட்டியிருக்கும் தலங்களில் வாசனைத் தைலம் பூசிக்கொண்டு போகாமல் இருப்பதே நல்லது. தேனீ கொட்டினால் கொடுக்கைக் காலந்தாழ்த்தாமல் நகத்தால் வழித்தெடுத்துவிட்டுக் குளிர்ந்த ஈரத்துணியை வையுங்கள். முகம் வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ 108. சிதறுதேங்காய் ஓடு காலில் குத்தினால் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, தூய துணியால் அழுத்திப் பிடித்து, தசைப்பிடிப்பு நோய்த் தடுப்பூசி போட்டு எவ்வளவு காலமாயிற்று என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். காயத்துக்குள் தைலம் வேண்டாம்.

மூட்டுவலிக்குப் பலரும் தேய்க்கும் கோல்தேரியா எண்ணெய் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நீலகிரியிலிருந்து வருவது இதுவும். இதன் சத்து ஆஸ்பிரினின் உறவு. இதயத்துக்காக வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமைக்கான மாத்திரை உண்பவர்கள் இதைத் தேய்த்தால் தோல்வழியே உள்ளே சென்று இரத்தக்கசிவை உண்டாக்கக் கூடும். யாரேனும் அறியாமல் குடித்துவிட்டால், ஒரு தேக்கரண்டியே சுமார் 20 ஆஸ்பிரின் மாத்திரைக்குச் சமம்.

பேரக் குழந்தைகளும் பூஜை அறையும்

அர்ச்சனைத் தட்டில் கற்கண்டும் கற்பூரமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. மூன்று வயதுக் குழந்தைக்கு இரண்டும் ஒன்றுதான். 1 கிராம் கற்பூரம் சிறு குழந்தையின் உயிரைப் பறித்ததாக மருத்துவ ஏடுகளில் பதிவுண்டு. விழுங்கிய சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். மேற்பூச்சு மருந்துகளில் கற்பூரம் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்காவில் விதி வகுத்திருப்பதும் இதனாலேயே. தீர்த்தத்தில் இடும் பச்சைக் கற்பூரம் வேறு, ஆரத்திக் கற்பூரம் வேறு. பின்னது இக்காலத்தில் பெரும்பாலும் தொழிற்சாலையில் கற்பூரத் தைலத்தின் மூலப்பொருட்களைக் கொண்டு செய்யப்படுவது. தீர்த்தத்திலும் ஒரு குடத்துக்கு ஒரு சிட்டிகைதான். நீலகிரித் தைலமும் ஒரு தேக்கரண்டி உள்ளே போனால் குழந்தைக்கு ஆபத்தே. சளிக்காகக் கைக்குழந்தையின் மூக்கிலோ மார்பிலோ இவற்றைத் தடவும் வழக்கம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது; மூச்சுத் திணறலில் கொண்டுவிடும். வலிப்பு நோய் உள்ள பெரியவர்களும் இவ்விரண்டின் வாசனையையும் தவிர்ப்பது நலம்.

புட்டிகளைப் பூஜை மாடத்தில் விளக்கருகே வைக்காதீர்கள். இவை எளிதில் தீப்பற்றுபவை. தைலம் பூசிய கையோடு கற்பூர ஆரத்தி எடுப்பதும் கூடாது. நிறமேறிய கண்ணாடிப் புட்டியில், மூடி இறுகி, குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். திறந்து ஆண்டுகள் கடந்து, வாசனை மாறி, பிசுபிசுத்துப் போனதை எறிந்துவிடுங்கள். பழையது தோலை இன்னும் அதிகமாக உறுத்தும். கண்ணில் பட்டுவிட்டால் நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அந்தப் புட்டியையோ கற்பூரப் பொட்டலத்தையோ கையில் எடுத்துக்கொண்டே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.