எஞ்சினை இரண்டு இஞ்ச் இறக்கலாமா? ஜுபைல் கடற்கரையில் ஒரு பத்மினிப் பஞ்சாயத்து

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஜுபைல் ஃபனாதீர் கடற்கரையில் பாய் விரித்து நாலு குடும்பம் உட்கார்ந்திருந்தோம். பிள்ளைகள் மணலில் இறங்கிவிட்டார்கள். டீ பிளாஸ்க் கைமாறிக்கொண்டிருந்தது. திருச்சிக்கார அண்ணன் ஒருவர் மட்டும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, ஊர்லேர்ந்து ஏதும் சேதியா?"

"சேதிதான் தம்பி. அப்பா வண்டிக்கு நாளைக்கு வெல்டிங் வைக்கப் போறாங்களாம். சரின்னு சொல்லவா, வேணாம்னு சொல்லவா, ஒண்ணும் புரியல."

அப்பா வண்டி என்றால் பிரீமியர் பத்மினி, 1974 மாடல். பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கம்பெனி பியட் 1100 காரைத் தயாரித்து வந்தது. அதற்கு பத்மினி என்று பெயர் வந்த வருஷமே 1974தான். 1089 சிசி எஞ்சின், ஸ்டியரிங்கை ஒட்டிய கியர். அண்ணனும் தங்கச்சிகளும் சமயபுரம் போனது, பள்ளிக்கூடம் போனது எல்லாம் அதில்தான். அப்பாவுக்குக் கண் மங்கியதும் வண்டி கொட்டகையில் நின்றுவிட்டது. அதை மறுபடி ஓடவைத்து, அடுத்த லீவில் அப்பாவை முன் சீட்டில் உட்காரவைத்து ஊரைச் சுற்றவேண்டும் என்பது அண்ணனின் ஆசை.

பட்டறையில் ஒரு யோசனை சொல்லியிருக்கிறார்கள். பழைய எஞ்சினைத் தூக்கிவிட்டு ஒரு ஜிப்சியின் 1300 சிசி எஞ்சினை வைத்துவிடலாம். பவரும் வரும், பார்ட்ஸும் கிடைக்கும். வைத்துப் பார்த்ததில் பானட் மூடவில்லை. அதற்கும் வழி சொல்லிவிட்டார்கள். எஞ்சின் மவுண்டிங்கை வெட்டி, கீழே இருக்கும் கிராஸ் மெம்பரில் ஒரு பள்ளம் எடுத்து, எஞ்சினை இரண்டு இஞ்ச் இறக்கிவிடலாம். "வண்டி இன்னும் கீழே உக்காரும் சார், வளைவுல சும்மா ஒட்டிக்கிட்டுப் போகும்" என்று வாய்ஸ் மெசேஜ் வேறு.

அண்ணன் இங்கே ஒரு பெட்ரோகெமிக்கல் பிளாண்டில் பம்பு, கம்பிரசர் பார்க்கும் ஆள். பதினெட்டு வருஷ சர்வீஸ். "நீங்களே சொல்லுங்கண்ணே, பிளாண்ட்ல ஒரு மோட்டாரை இறக்கணும்னா என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். அங்கிருந்துதான் பேச்சு சூடு பிடித்தது.

எவ்வளவு லாபம்?

முதலில் அந்த "ஒட்டிக்கிட்டுப் போகும்" கணக்கைப் பார்த்தோம். கனமான பொருள் கீழே இருந்தால் வண்டியின் புவியீர்ப்பு மையம் தாழும். வளைவில் சாய்வது குறையும். இது உண்மைதான். ஆனால் எவ்வளவு? வண்டி 900 கிலோ, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்து 150 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்த 150 கிலோவை 50 மில்லிமீட்டர் இறக்கினால் மொத்த வண்டியின் மையம் இறங்குவது சுமார் 8 மில்லிமீட்டர். மையம் தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், மாற்றம் ஒன்றரை சதவீதம். ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது.

இதையே திருப்பிப் பாருங்கள். ஊருக்குப் போகும்போது கூரை மேல் கேரியரில் 40 கிலோ சாமான் கட்டினால் மையம் சுமார் 4 சென்டிமீட்டர் ஏறிவிடும். எஞ்சினை வெட்டி இறக்கிச் சம்பாதித்ததைப்போல் ஐந்து மடங்கு, ஒரே கயிற்றுக் கட்டில் போய்விடும். நல்ல டயர், புது ஷாக் அப்சார்பர், தேய்ந்த புஷ்களை மாற்றுவது, இவை தரும் பிடிமானத்துக்கு முன்னால் அந்த 8 மில்லிமீட்டர் ஒன்றுமே இல்லை.

சின்ன கார்களில் பேர்போனது இங்கிலாந்தின் மினி. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1959இல் வந்தது. பத்து அடி நீளத்தில் நாலு பேர் உட்கார இடம் வேண்டும் என்பதற்காக எஞ்சினைக் குறுக்கே திருப்பி, கியர்பாக்ஸை அதன் அடியிலேயே வைத்தார். இரண்டுக்கும் ஒரே ஆயில். அதாவது எஞ்சின் கியர்பாக்ஸின் தோளில் உட்கார்ந்திருக்கிறது. அப்படியும் மினி கூப்பர் 1964, 1965, 1967 என மூன்று முறை மான்டி கார்லோ ராலியை ஜெயித்தது. குறைந்த எடை, நாலு மூலையிலும் சக்கரம், முன்சக்கர இழுப்பு எல்லாம் சேர்ந்த வெற்றி அது.

எவ்வளவு நஷ்டம்?

இப்போது கீழே குனிந்து பார்ப்போம். முன்னால் நீளவாக்கில் எஞ்சினும் பின்சக்கர இழுப்பும் உள்ள இந்த மாதிரி வண்டியில் எஞ்சினை இறக்கினால் அது மட்டும் தனியாக இறங்காது.

கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகிற புரொப்பல்லர் ஷாஃப்ட் இருக்கிறதே, அதன் இரண்டு முனையிலும் உள்ள கோணங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தியிருக்க வேண்டும். எஞ்சின் மூக்கை மட்டும் இறக்கினால் கோணம் கெட்டு வண்டி அதிரும். கிராஸ் ஜாயிண்ட் சீக்கிரம் போகும். "பிளாண்ட்ல பம்புக்கும் மோட்டாருக்கும் நடுவுல 0.05 மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலே டயல் கேஜை வச்சு ஷிம் போட்டு ராத்திரி பூரா உக்காந்திருப்பேன். இங்க ரெண்டு இஞ்சாம்!" என்றார் அண்ணன்.

அடுத்தது ஆயில் சம்ப். கிராஸ் மெம்பருக்கும் ஸ்டியரிங் ராடுகளுக்கும் இடம் விட்டு இறக்க வேண்டுமானால் சம்ப்பை வெட்டி ஆழத்தைக் குறைக்க வேண்டும். அப்போது வளைவிலும் பிரேக்கிலும் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும்; பம்பு காற்றை உறிஞ்சும்; பேரிங் போய்விடும். ரேஸ் கார்களில் இதற்காகவே ஆயிலைத் தனி டேங்கில் வைத்து, சம்ப்பைத் தட்டையாக்கி எஞ்சினைத் தாழ்த்துவார்கள். அது தனிச் செலவு, தனி உழைப்பு.

சம்ப்பை வெட்டாமல் இறக்கினாலோ, அது தரையைப் பார்த்து வரும். இந்திய ரோடு காங்கிரஸ் விதிப்படி வேகத்தடையின் உயரம் 10 சென்டிமீட்டர். நம்ம ஊரில் அந்த விதியைப் பார்த்தா போடுகிறார்கள்? அந்தக் காலத்தில் சோழவரம் விமான ஓடுபாதையில் பியட்டும் ஹெரால்டும் ரேஸ் ஓடின. ஓடுபாதையில் வேகத்தடை கிடையாது. திருச்சித் தெருவில் உண்டு.

எல்லாவற்றையும் விடப் பெரியது அந்தக் கிராஸ் மெம்பர். முன் சக்கரங்களைப் பிடித்திருப்பதே அதுதான். கணக்குப் போடாமல் அதில் பள்ளம் எடுத்து வெல்டிங் வைத்தால், முதல் நாளே ஒடியாது. ஒரு நாள் குழியில் விழும்போது ஒடியும். அன்றைக்கு முன் சீட்டில் யார் உட்கார்ந்திருப்பார்கள்?

இதைச் சொன்னதும் அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவரே சொன்னார்: "பிளிக்ஸ்பரோ கேஸ் மாதிரி." அவருக்கு ட்ரெயினிங்கில் சொல்லிக்கொடுத்தது. இங்கிலாந்தின் பிளிக்ஸ்பரோ கெமிக்கல் பிளாண்டில், விரிசல் விட்ட ஒரு ரியாக்டரைக் கழற்றிவிட்டு, இரண்டு பக்கத்தையும் இணைக்கத் தற்காலிகக் குழாய் ஒன்று போட்டார்கள். முறையான டிசைன் கணக்கு இல்லை. இரண்டு மாதம் ஓடியது. 1974 ஜூன் 1ஆம் தேதி வெடித்து 28 பேர் இறந்தார்கள். இன்றைக்கு ஜுபைலில் ஒரு வால்வை இடம் மாற்றினாலும் எம்ஓசி பேப்பரில் நாலு பேர் கையெழுத்துப் போடுவதற்குப் பின்னால் அந்த மாதிரி விபத்துகளின் பாடம் இருக்கிறது.

"அதுவும் 1974, நம்ம வண்டியும் 1974" என்றார். இங்கே பேப்பர் இல்லாமல் ஒரு போல்ட்டைத் தொடாத மனுஷர், ஊரில் வாட்ஸ்அப்பில் ஒரு "ஓகே" போட்டு அப்பா வண்டியை வெட்டச் சொல்ல இருந்தார்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. எஞ்சின் மாற்றுவதற்கு முன் ஆர்டிஓ அனுமதி வேண்டும். ஆர்சி புத்தகத்தில் எஞ்சின் நம்பர் மாற வேண்டும். சொல்லாமல் செய்த மாற்றம் தெரிய வந்தால் இன்சூரன்ஸ் கிளெய்மிலும் சிக்கல்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று: 2021 ஜூலையில் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய கார்களை வின்டேஜ் வண்டியாகப் பதியலாம். ஆனால் சேஸிஸ், பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் செய்யாமல் அசல் உருவில் இருக்க வேண்டும். அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி ஓட்டத்துக்குப் பயன்படுத்த முடியாது. கண்காட்சி, வின்டேஜ் ராலி போன்றவற்றுக்குத்தான். தினமும் ஓட்ட வேண்டுமானால் வழக்கமான புதுப்பித்தலே வழி. எந்த வழியில் போனாலும், 1974 பத்மினி இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கிராஸ் மெம்பரை வெட்டினால் வின்டேஜ் கதவு நிரந்தரமாக மூடிவிடும்.

நீங்கள் சரி சொல்வதற்கு முன்

ஊரில் அப்பா வண்டி, தாத்தா வண்டி வைத்திருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். போனில் பட்டறைக்காரர் கேட்கும்போது இவற்றை மட்டும் திருப்பிக் கேளுங்கள்:

- பழைய எஞ்சினில் உண்மையில் என்ன பழுது? கம்ப்ரஷன் பார்த்தாச்சா?
- எதையாவது வெட்ட வேண்டுமா? வெட்டினால் திரும்பப் பழையபடி ஆக்க முடியுமா?
- இறக்கிய பிறகு சம்ப்புக்கும் தரைக்கும் எவ்வளவு இடைவெளி இருக்கும்?
- புரொப்பல்லர் ஷாஃப்ட் கோணத்தை எப்படி அளப்பீர்கள்?
- ஆர்டிஓவில் கேட்டாச்சா?

போல்ட்டில் கழற்றி மாட்டுவதாக இருந்தால் யோசிக்கலாம். கட்டிங் வீல் எடுத்தால் நிறுத்தச் சொல்லுங்கள்.

அன்று ராத்திரியே அண்ணன் பட்டறைக்குப் பேசினார். மேஸ்திரிக்குக் கோபம் ஒன்றும் இல்லை. "நீங்க ஸ்பீடு கேக்குறீங்கன்னு நெனச்சேன் சார். ஓடினா போதும்னா பழைய எஞ்சினையே எடுத்துத் தரேன்" என்றாராம். பிளாக் போரிங்குக்குப் போயிருக்கிறது. பிஸ்டன், ரிங், பேரிங், வாட்டர் பம்பு எல்லாம் புதுசு. மெயின் ரோட்டில் எல்லா வண்டியும் ஓவர்டேக் செய்துவிட்டுப் போகும்தான்.

அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னதற்கு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதானாம்: "கியர் ஸ்டியரிங்லதானே இருக்கு?"