வில்ம்ஸ் கட்டியின் முதிர்ச்சி

வில்ம்ஸ் கட்டி என்பது குழந்தைகளின் சிறுநீரகத்தில் தோன்றும் புற்றுநோய்களில் மிகவும் பரவலானதாகும். நெப்ரோபிளாஸ்டோமா என்றும் இது அழைக்கப்படும். இதைப் பற்றி 1899இல் விரிவாக எழுதிய ஜெர்மானிய அறுவை மருத்துவர் மாக்ஸ் வில்ம்ஸின் பெயர் இதற்கு வழங்குகிறது. பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இது வருகிறது. சிகிச்சைக்குப் பின் இக்கட்டிகளில் சில, தீங்கற்ற திசுவாக முதிர்ந்து காணப்படுவது உண்டு.

தோற்றம்

கருவில் சிறுநீரகம் உருவாகும்போது, முதிராத முன்னோடி உயிரணுக்கள் படிப்படியாக வடிகட்டிகளாகவும் நுண்குழல்களாகவும் மாறுகின்றன. குழந்தை பிறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பே இப்பணி முடிந்துவிடும். ஏறத்தாழ நூற்றில் ஒரு குழந்தைக்கு மட்டும் இவ்வுயிரணுக்களின் சிறு தொகுதிகள் எஞ்சியிருக்கும். அவற்றுள் பெரும்பாலானவை தாமாகவே சுருங்கி மறைகின்றன. மிகச் சில மட்டுமே வில்ம்ஸ் கட்டியாக வளர்கின்றன. சிறுநீரக வளர்ச்சியை நெறிப்படுத்தும் டபிள்யூடி1 போன்ற மரபணுக்கள் பழுதடைவது இதற்கு ஒரு காரணமாகும்.

மாற்றம்

இக்கட்டியில் பொதுவாக முதிராத உயிரணுக்கள், குழல் வடிவத் திசு, தாங்கு திசு என மூன்று கூறுகள் உள்ளன. வின்கிரிஸ்டின், ஆக்டினோமைசின் டி ஆகிய மருந்துகள், வேகமாகப் பிரியும் முதிராத உயிரணுக்களை அழிக்கின்றன. இம்மருந்துகளுக்குப் பின் அகற்றப்படும் சில கட்டிகளில் வரித்தசை, கொழுப்பு, குருத்தெலும்பு போன்ற முதிர்ந்த திசுக்களே மிகுந்திருக்கும். முதிராதவை அழிந்து முதிர்ந்தவை எஞ்சுவது, முதிராதவையே முதிர்ச்சி அடைவது என இதற்கு இரு விளக்கங்கள் தரப்படுகின்றன.

மருத்துவ முக்கியத்துவம்

முதிர்ந்த கட்டி மருந்தால் சுருங்குவதில்லை. ஸ்கேனில் முன்பிருந்த அளவிலேயோ, சற்றுப் பெரிதாகவோ தெரியலாம். இதை மருந்தின் தோல்வி எனக் கருதி மேலும் கடுமையான மருந்துகளைக் கொடுத்தால், குழந்தைக்குப் பக்கவிளைவுகளே மிஞ்சும். மாறாக, நன்கு சுருங்கிய கட்டியிலும் முதிராத உயிரணுக்கள் மிகுதியாக எஞ்சியிருந்தால் நோய் திரும்பும் ஆபத்து அதிகம். எனவே கட்டியின் அளவைவிட, நுண்ணோக்கியில் தெரியும் திசுவின் தன்மையே அடுத்த சிகிச்சையைத் தீர்மானிக்கிறது.

இரு சிறுநீரகங்களிலும் கட்டி உள்ள குழந்தைகளுக்கு இது மிகவும் முக்கியம். இவர்களுக்கு மருந்தை நீட்டித்துக்கொண்டே போகாமல், 12 வாரங்களுக்குள் அறுவை செய்து, கட்டியை மட்டும் நீக்கிச் சிறுநீரகத்தின் நல்ல பகுதியைக் காப்பாற்ற மருத்துவர்கள் முயல்கின்றனர்.

கட்டி முதிர்ந்ததாகத் தோன்றினாலும் அதை அப்படியே விட்டுவிடுவதில்லை. அதனுள் முதிராத உயிரணுக்கள் மறைந்திருக்கக்கூடும் என்பதால், கட்டியை அகற்றி முழுமையாக ஆய்வு செய்வது அவசியமாகும்.