இரட்டை இயங்குதள நிறுவல் தோல்வியும் மடிக்கணினி முடக்கமும்

ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களை நிறுவி, கணினியை இயக்கும்போது அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் முறை இரட்டைத் துவக்கம் அல்லது டூயல் பூட் எனப்படும். பெரும்பாலும் விண்டோசும் லினக்சும் இவ்வாறு சேர்த்து வைக்கப்படுகின்றன. நிறுவல் பாதியில் நின்றுபோனாலோ, பின்னாளில் இரண்டில் ஒன்றை நீக்க முயன்றாலோ, கணினி துவங்காமல் போகலாம். துவங்கிய சில நிமிடங்களில் உறைந்து நிற்கலாம். தானாக அணைந்து மீண்டும் மீண்டும் எழலாம். கணினியே போய்விட்டது என்று பயனர் அஞ்சுவார். ஆனால் பல நேரங்களில் கெட்டிருப்பது வட்டின் தொடக்கத்தில் உள்ள சில நூறு பைட்டுகள் மட்டுமே. கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும். அவற்றை உண்மையில் அழிப்பது அந்தப் பழுது அன்று, அதற்குப் பிறகு அவசரத்தில் செய்யப்படும் ஃபார்மேட்.

தமிழ்நாட்டில் இரட்டைத் துவக்கம்

தமிழ்நாட்டில் இந்த முறையைக் கணினி ஆர்வலர் வட்டத்துக்கு வெளியே கொண்டு சென்றது அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டமாகும். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று இத்திட்டம் தொடங்கப்பட்டது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்காக எல்காட் நிறுவனம் மடிக்கணினிகளைக் கொள்முதல் செய்தது. தொடக்கத்தில் வழங்கப்பட்டவற்றில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும் பாஸ் லினக்சும் சேர்ந்தே இருந்தன. பாஸ் லினக்ஸ் என்பது டெபியனை அடிப்படையாகக் கொண்டு சென்னை சி-டாக் மையம் உருவாக்கிய இயங்குதளம். அதன் முதல் பதிப்பு 2007இல் வந்தது. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி என்று மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில், வீட்டுக்கு வந்த முதல் கணினியே இரண்டு இயங்குதளங்களுடன் வந்த குடும்பங்கள் உண்டு.

விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரில் திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற முடியாது. புதிதாகக் கணினி வாங்கிய மாணவர் முதலில் மாற்ற நினைப்பது அதைத்தான். எனவே ஸ்டார்ட்டரை எடுத்துவிட்டு வேறொரு விண்டோஸ் பதிப்பைப் போடும் ஆசை எளிதில் வரும். அப்படிப் போட்டதும் துவக்கப் பட்டியலிலிருந்து பாஸ் மறைந்துவிடும். வேறு சிலர் இடம் வேண்டும் என்று விண்டோசுக்குள் இருந்தபடியே பாஸ் இருந்த வட்டுப் பிரிவை நீக்குவர். அன்று எதுவும் நடக்காது. மறுநாள் கணினியை இயக்கினால் கறுப்புத் திரையில் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்ற ஒற்றை வரி மட்டும் நிற்கும். கடைக்குக் கொண்டுபோனால், ‘ஓ.எஸ். போட்டுத் தருகிறோம்’ என்று வட்டு முழுவதையும் அழித்துப் புதிதாக நிறுவித் தருவதே விரைவான வேலை. இறுதியாண்டுத் திட்ட அறிக்கையும், ஸ்கேன் செய்து வைத்த சான்றிதழ்களும் அதோடு போகும்.

ஏன் இப்படி ஆகிறது

பழைய பயாஸ் முறையில் இயங்கும் கணினி, வட்டின் முதல் 512 பைட்டுகளைப் படித்தே துவங்குகிறது. எம்பிஆர் எனப்படும் இந்தப் பகுதியில் 446 பைட்டு துவக்க நிரலுக்கும், 64 பைட்டு வட்டுப் பிரிவுகளின் அட்டவணைக்கும் உரியவை. கிரப் என்பது லினக்ஸ் பயன்படுத்தும் பூட் லோடர். 446 பைட்டுக்குள் அது முழுமையாக அடங்காது. ஒரு துண்டு வட்டின் தொடக்கத்தில் இருக்கும். மீதி லினக்ஸ் பிரிவுக்குள் இருக்கும். லினக்ஸ் பிரிவை நீக்கியவர் அந்த மீதியையும் சேர்த்து நீக்கிவிடுகிறார். முதல் துண்டு எழுந்து, இல்லாத மறுபாதியைத் தேடி நிற்பதன் அறிகுறியே அந்த ஒற்றை வரி. மாறாக, விண்டோசை மீண்டும் நிறுவினால் அது எம்பிஆரில் தன் நிரலை எழுதிக்கொள்கிறது. லினக்ஸ் வட்டில் அப்படியே இருந்தும் அதை அழைக்க ஆள் இல்லை.

2012இல் விண்டோஸ் 8 வந்ததற்குப் பிறகு விற்பனையான மடிக்கணினிகளில் பெரும்பாலும் யூஇஎஃப்ஐ முறை உள்ளது. இதில் துவக்கத்துக்கென்று தனியாக ஒரு சிறு வட்டுப் பிரிவு உண்டு. ஒவ்வொரு இயங்குதளமும் அதில் தனித்தனிக் கோப்புறை வைத்துக்கொள்வதால் ஒன்றை ஒன்று அழிப்பது குறைவு. விண்டோஸ் தன்னை வரிசையில் முதலாவதாக நிறுத்திக்கொள்வதே இங்கு அடிக்கடி நிகழ்வது. யூஇஎஃப்ஐ அமைப்பில் துவக்க வரிசையை மாற்றினாலே லினக்ஸ் திரும்பிவிடும். இதற்காக இயங்குதளத்தை மறுபடி நிறுவுவது வீண் வேலை.

எந்தக் கட்டத்தில் நிற்கிறது?

பழுதைக் கண்டறிவதில் முதல் கேள்வி, கணினி எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதே. கணினியை இயக்கியவுடன் எஃப்2 அல்லது அந்த நிறுவனம் வைத்திருக்கும் வேறு விசையை அழுத்திப் பயாஸ் அமைப்புத் திரைக்குள் சென்று, அங்கேயே அரை மணி நேரம் விட்டுவைக்க வேண்டும். அந்தத் திரையில் எந்த இயங்குதளமும் ஓடுவதில்லை. அங்கேயும் கணினி அணைந்தால் விண்டோசும் லினக்சும் குற்றவாளிகள் அல்ல. வெப்பம், நினைவகம், மின்சாரம் ஆகியவற்றில் ஒன்றையே பார்க்க வேண்டும்.

அங்கே தாக்குப்பிடித்தால் அடுத்தது லைவ் யூஎஸ்பி சோதனை. வேறொரு கணினியில் உபுண்டு போன்ற லினக்சை ஒரு பென்டிரைவில் எழுதி, ‘நிறுவாமல் முயன்று பார்’ என்ற தெரிவின் வழியாக இயக்கலாம். வன்தட்டைத் தொடாமலேயே அது ஓடும். ஒரு மணி நேரம் காணொளி ஓடியும் சிக்கல் இல்லையென்றால், நினைவகமும் செயலியும் பெரும்பாலும் நலம்; பழுது வட்டிலோ வட்டில் எழுதப்பட்டவற்றிலோ இருக்கிறது. மனத்துக்கு ஆறுதல் தரும் சோதனை இது. கோப்புகள் கண்ணுக்குத் தெரிவதும் பெரும்பாலும் இங்கேதான்.

விண்டோஸ் சின்னம் தோன்றி, பிறகு ‘துவக்க வட்டை அணுக முடியவில்லை’ என்ற பொருளில் நீலத்திரை வந்தால், நிறுவலின்போது பயாசில் வட்டு முறை மாற்றப்பட்டதா என்று பார்க்க வேண்டும். சில மடிக்கணினிகளில் இன்டெல் ஆர்எஸ்டி முறை இயங்கும்போது லினக்ஸ் நிறுவிக்கு வட்டே தெரியாது. அதற்காக ஏஎச்சிஐ முறைக்கு மாற்றினால் விண்டோஸ் தடுமாறும். பழைய முறைக்குத் திருப்பினால் அது எழுந்துகொள்ளும். மாற்றியே ஆக வேண்டுமானால், முதலில் விண்டோசைச் சேஃப் மோடில் துவங்கும்படி அமைத்துவிட்டுப் பிறகு மாற்ற வேண்டும்.

லினக்ஸ் துவங்கும்போதோ உள்நுழைந்த உடனோ திரை உறைந்தால், குறிப்பாகத் தனி என்விடியா வரைகலை அட்டை உள்ள கணினிகளில், ஐயம் முதலில் வரைகலை இயக்கியின் மீது விழ வேண்டும். கிரப் பட்டியலில் துவக்க வரியின் இறுதியில் ‘நோமோட்செட்’ என்று ஆங்கிலத்தில் சேர்த்து இயக்கினால் எளிய காட்சி முறையில் துவங்கும்; அதன்பின் உரிய இயக்கியை நிறுவலாம்.

கவனிக்கப்படாத இன்னொரு காரணம் விண்டோசின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். இது இயங்கும் நிலையில் ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை. தன் நிலையின் ஒரு பகுதியை வட்டில் எழுதிவிட்டு உறங்குகிறது. அந்த நேரத்தில் லினக்ஸ் வழியாக விண்டோஸ் பிரிவில் எழுதினால் கோப்பு அமைப்பு சிதையும். இரட்டைத் துவக்கம் வைத்திருப்பவர் இந்த வசதியை நிறுத்திவிடுவதே நல்லது.

கோப்புகளை மீட்டல்

எதைத் திருத்துவதற்கு முன்பும், லைவ் யூஎஸ்பியில் இருந்தபடியே தேவையான கோப்புகளை வெளி வட்டுக்குப் படியெடுத்துவிட வேண்டும். விண்டோஸ் பிரிவு படிக்க மட்டும் திறந்தால் அதுவே போதும். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். அது வழக்கமாகப் பயனரின் மைக்ரோசாப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். சாவி கையில் கிடைக்கும்வரை பயாசில் எதையும் மாற்றாமல் இருப்பது நன்று. பிரிவு தவறுதலாக நீக்கப்பட்டிருந்தாலும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. அட்டவணையில் உள்ள பதிவுதான் போகிறது, தரவு அன்று. அந்த இடத்தில் புதிதாக எதுவும் எழுதப்படாதவரை ‘டெஸ்ட்டிஸ்க்’ என்ற கட்டற்ற மென்பொருளால் பிரிவைத் தேடி மீட்க வாய்ப்புண்டு.

படியெடுக்கும்போதே வட்டு திணறினால், அதன் ஸ்மார்ட் அறிக்கையைப் பார்க்க வேண்டும். பழுதாகி மாற்றப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும் வட்டில் எந்த இயங்குதளத்தை நிறுவினாலும் அது நிலைக்காது.

அதன் பிறகு துவக்கியைச் சீராக்கலாம். விண்டோஸ் மட்டும் போதும் என்றால், விண்டோஸ் நிறுவல் யூஎஸ்பியிலுள்ள பழுதுநீக்கப் பகுதியில் பழைய கணினிகளுக்குப் ‘பூட்ரெக்’ கட்டளையும் யூஇஎஃப்ஐ கணினிகளுக்குப் ‘பிசிடிபூட்’ கட்டளையும் உள்ளன. இரண்டும் வேண்டுமென்றால், லைவ் லினக்சிலிருந்து கிரப்பை மீண்டும் நிறுவ வேண்டும். கட்டளைகளுக்குப் பழகாதவர்களுக்குப் ‘பூட் ரிப்பேர்’ என்ற கருவி இதைச் செய்து தரும்.

வெயிலும் மின்வெட்டும்

சித்திரைத் திருவிழாவை ஒட்டிய வாரங்களில் மதுரையில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தொடுவதும் தாண்டுவதும் உண்டு. தேர்வு முடிந்த மாணவர்கள் கணினியில் புதிதாக ஏதேனும் செய்து பார்க்கும் காலமும் அதுதான். இயங்குதள நிறுவல் செயலியையும் வட்டையும் நெடுநேரம் ஓயாமல் வேலை வாங்கும். விசிறியில் ஆண்டுக்கணக்கில் தூசி அடைந்த மடிக்கணினி, அதுவரை பாட்டுக் கேட்கவும் தட்டச்சு செய்யவும் மட்டும் பயன்பட்டது, அன்றைக்கு முதன்முறையாகச் சூடேறித் தானே அணையும். பழி லினக்சின் மேல் விழும். மெத்தை மீது வைத்து நிறுவியிருந்தால் சொல்லவே வேண்டாம். விசிறியைத் துடைத்து, செயலியின் மேல் காய்ந்துபோன வெப்பப் பசையை மாற்றினாலே பல கணினிகளில் இந்த ‘நிறுவல் தோல்வி’ தீர்ந்துவிடும்.

மின்வெட்டின் கதை வேறு. 2012ஆம் ஆண்டையொட்டித் தமிழகத்தின் தென்மாவட்டங்களில் நாள்தோறும் பல மணி நேரம் மின்சாரம் நின்றது. வட்டுப் பிரிவின் அளவை மாற்றும்போது தரவுகள் ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்கு நகர்த்தப்படுகின்றன; நடுவில் மின்சாரம் போனால் கோப்பு அமைப்பு பழைய நிலையிலும் இருக்காது, புதிய நிலைக்கும் வராது. மடிக்கணினிக்கு பேட்டரி காவல் என்றாலும், பழைய பேட்டரி சார்ஜரைப் பிடுங்கிய மறுகணமே கைவிட்டுவிடும். ஆகவே அளவு மாற்றத்துக்கு முன் சார்ஜரைக் கழற்றிப் பத்து நிமிடம் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்வது அவசியம். விண்டோஸ் பிரிவைச் சுருக்குவதை லினக்ஸ் நிறுவியிடம் விடாமல், விண்டோசின் டிஸ்க் மேனேஜ்மென்ட் வழியாகவே முன்கூட்டிச் செய்துவிட்டால் ஆபத்து இன்னும் குறையும்.

அண்மைச் சிக்கல்கள்

ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த இரட்டைத் துவக்கமும் ஒரு நாள் நிற்கலாம். 2024 ஆகஸ்டில் மைக்ரோசாப்ட் வெளியிட்ட பாதுகாப்பு மேம்படுத்தல், செக்யூர் பூட் இயக்கப்பட்டிருந்த கணினிகள் சிலவற்றில் பழைய லினக்ஸ் துவக்கிகளை ஏற்க மறுத்தது. உலகெங்கும் பயனர்கள் ‘பாதுகாப்புக் கொள்கை மீறல்’ என்ற செய்தியைக் கண்டனர். செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்தி லினக்சைப் புதுப்பிப்பதே அப்போது பலர் கையாண்ட வழி. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11க்குத் தகுதி பெறாத பழைய மடிக்கணினிகளில் லினக்சைச் சேர்க்க இதுவும் ஒரு காரணமாகியுள்ளது.

எல்லாம் சரியான பின்பும் விண்டோசில் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்தங்கிக் காட்டலாம். லினக்ஸ் கணினியின் உட்கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. இந்திய நேரத்துக்கும் பொது நேரத்துக்கும் உள்ள வேறுபாடு அந்த ஐந்தரை மணி நேரம். சிமாஸ் மின்கலம் தீர்ந்துவிட்டது என்று எண்ணி அதை மாற்ற வேண்டியதில்லை. உள்ளூர் நேரத்தையே பயன்படுத்தும்படி லினக்சில் ஒரு கட்டளை கொடுத்தால் போதும்.