மூடியில் இருந்த பெயர்



பழைய ட்ரங்குப் பெட்டியைப் புதுசாக்கப் போய் நான் செய்யவிருந்த இரண்டு தப்புகளைச் சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி இருந்தால் உதவும்.

என் மாமியார் 1974-ல் கல்யாணமாகி வடமதுரைக்கு வந்தபோது கொண்டுவந்த தகரப் பெட்டி அது. பச்சை பெயிண்ட், பக்கமெல்லாம் ரோஜாக் கொடி, முன்னால் மாங்காய்ப் பூட்டு. மூலைகளில் துரு ஏறி, மூடியில் புகையும் அழுக்கும் அப்பிக் கிடந்தது. தெருவில் பழைய இரும்புக்காரர் வந்த அன்று, "எடைக்குப் போட்டுடலாமா?" என்றார் என் கணவர். அத்தை ஒன்றும் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக் கொண்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. "இருக்கட்டுங்க, நான் பெயிண்ட் அடிச்சு ஹாலில் வச்சுக்கிறேன்" என்று தடுத்துவிட்டேன்.

மறுநாளே உப்புத்தாளை வாங்கி மூடியைத் தேய்க்க ஆரம்பித்தேன். பச்சைத் தூள் பறந்தது. என் மூன்று வயது மகள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் தூளிலேயே விரலால் கோடு இழுத்துக் கொண்டிருந்தாள். பெயிண்ட் வேலை செய்யும் என் தம்பி அந்த நேரம் பார்த்து வந்தான். "அக்கா, மொதல்ல பிள்ளையத் தூக்கு!" என்று சத்தம் போட்டான்.

அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தக் காலத்து எனாமல் பெயிண்டில் ஈயம் கலந்திருக்கும். அதன் தூள் வயிற்றுக்குள் போனால் சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்குமாம். நம் நாட்டில் வீட்டு பெயிண்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டை வறட்டுத் தேய்ப்பாகத் தேய்க்கவே கூடாது.

பிள்ளையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, உள்ளே அனுப்பினேன். கீழே கிடந்த தூளை ஈரத்துணியால் துடைத்து எடுத்தேன். அப்படியே மூடியையும் சோப்புத் தண்ணீர்த் துணியால் துடைத்தபோது, அழுக்குக்கு அடியிலிருந்து வெள்ளை எழுத்துகள் தெரிந்தன. அத்தையின் பெயர்! முன்னால் அவருடைய அப்பாவின் இனிஷியல்.

அத்தையைக் கூப்பிட்டேன். எழுத்தின் மேல் விரலை ஓட்டினார். "எங்கய்யா நின்னு எழுத வச்சாரு, ஆத்தா. இந்த வீட்டுக்கு வந்தப்புறம் என்னைய யாரு பேரு சொல்லிக் கூப்புட்டா? மருமக, மதினி, அத்தை... அம்புட்டுதான்" என்றார். எடைக்குப் போடலாமா என்று கேட்ட அன்று அவர் ஏன் முகத்தைத் திருப்பினார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அதன் பிறகு தம்பி சொன்னபடி செய்தேன். ஒட்டியிருக்கும் பெயிண்டைச் சுரண்டவில்லை. துரு ஏறிய இடத்தில் மட்டும் தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரால், முகமூடியும் கையுறையும் போட்டுத் தேய்த்தேன். துடைத்த துணியைப் பையில் கட்டிக் குப்பையில் போட்டேன். நன்றாகக் காய்ந்ததும் அந்த இடங்களில் ரெட் ஆக்சைடு பிரைமர், மறுநாள் பச்சை எனாமல் மெலிசாக இரண்டு கை. பெயருக்கும் ரோஜாவுக்கும் மேலே நிறமில்லாத வார்னிஷ் மட்டும். உள்ளே வாடை போக ஒரு வாரம் திறந்து வைத்து, பழைய பருத்திச் சேலையை விரித்து, மூலைக்கொரு வசம்புத் துண்டு போட்டேன். தரை ஈரம் ஏறாமல் இருக்க அடியில் இரண்டு மரக்கட்டை.

பூட்டில் சாவி சிக்கிக்கொண்டு திரும்பவில்லை. திண்டுக்கல் நாகல்நகருக்கு எடுத்துப் போனேன். வயதான பூட்டுத் தொழிலாளி ஒருவர் பத்து நிமிஷத்தில் சரி செய்து கொடுத்தார். "எண்ணெய் ஊத்தாதீங்கம்மா, தூசி அடையும். பென்சில் கரியைச் சுரண்டிப் போடுங்க" என்றார். நம் திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது தெரியும்தானே? அதைப் போய்ப் பழைய இரும்போடு போடப் பார்த்தோம்!

முதல் எழுத்தின் ஓரத்தில் நான் உப்புத்தாளால் தேய்த்த கீறல் இன்னும் இருக்கிறது. தம்பி, "தொட்டு எழுதித் தரட்டுமா?" என்றான். அத்தைதான் வேண்டாம் என்றுவிட்டார். அதனால் தோழிகளே, பெட்டியைத் தேய்க்கும் முன் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். அதற்கு உரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டும் பாருங்கள்.

இப்போது பெட்டி ஹாலில் ஜன்னலோரம் இருக்கிறது. என் மகள் அதன்மேல் ஏறி உட்கார்ந்து அப்பத்தாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். அத்தை அதட்டுவதே இல்லை, "என்னாத்தா?" என்று வந்து நிற்கிறார்.

– ஒரு வாசகி, வடமதுரை.