காசும் கொடுத்தார்கள், காணாமலும் போனது! தெரியுமா?

மக்கள் கட்டிய பணத்தில் எடுத்த நிகழ்ச்சிகளை, ஏழு நாள் முடிந்ததும் இணையத்திலிருந்து நீக்கச் சொல்லிச் சட்டம் போட்ட நாடு எது தெரியுமா? ஜெர்மனி!

அங்கே ஏ.ஆர்.டி., இசட்.டி.எஃப். என்ற பொது ஒளிபரப்பு நிறுவனங்களை வாழவைப்பது மக்கள் கட்டணம். மாதம் சுமார் 18 யூரோ. 2013 முதல் டி.வி.யே இல்லாத வீடும் கட்டியாக வேண்டும்! இவை இணையத்திலும் விரிந்தபோது தனியார் ஒளிபரப்பாளர்கள் பிரஸ்ஸல்ஸில் உள்ள ஐரோப்பிய ஆணையம் வரை போய்ப் புகார் கொடுத்தார்கள். விளைவு, 2009 ஜூன் 1 முதல் கடும் விதிகள். சாதாரண நிகழ்ச்சிக்கு ஏழு நாள் ஆயுள்; புண்டஸ்லிகா கால்பந்துக்கு வெறும் 24 மணி நேரம்! அடுத்த ஆண்டே லட்சக்கணக்கான பக்கங்கள் மாயம். இசட்.டி.எஃப். தன் இணையச் சேமிப்பில் சுமார் 80 சதவீதத்தைத் தானே நீக்கியது. கட்டணம் கட்டியவருக்கு இதைவிடப் பெரிய அநியாயம் உண்டா!

இன்னொன்று கேளுங்கள். ஏ.ஆர்.டி.யின் 'டாகஸ்ஷாவ்' செய்திக்கு 2010 டிசம்பரில் செயலி வந்ததும், எட்டுப் பத்திரிகை நிறுவனங்கள் வழக்குப் போட்டன. இலவசச் செய்தி வந்தால் சந்தா கட்டி யார் படிப்பார் என்ற அவர்கள் அச்சத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் நீதிமன்றம் எடைபோட்டது எதை தெரியுமா? 2011 ஜூன் 15 என்ற ஒரே ஒரு நாளில் அந்தச் செயலி இருந்த கோலத்தை! பத்திரிகை போலவே இருந்தது, அது தவறு என்று கொலோன் உயர் நீதிமன்றம் சொன்னபோது 2016 செப்டம்பர் ஆகிவிட்டது. ஒரு நாள் செய்திக்கு ஐந்து ஆண்டு விசாரணை!

பிரிட்டனிலும் இதே கதைதான். பள்ளிப் பிள்ளைகளுக்காக பி.பி.சி. தொடங்கிய 'ஜாம்' என்ற 15 கோடி பவுண்டு இணையப் பாடத் திட்டம், கல்வி மென்பொருள் விற்பவர்களின் புகாரால் 2007 மார்ச்சில் நிறுத்தப்பட்டது.

ஜெர்மனியின் ஏழு நாள் விதி 2019 மே மாதம் ஒருவழியாகப் போயிற்று. எழுத்துக்கு மட்டும் கெடுபிடி தொடர்கிறது: பத்திரிகை மாதிரி இருக்கவே கூடாது, படமும் ஒலியும்தான் முன்னால் நிற்க வேண்டும்!

ஆஸ்திரியாவோ அதற்கும் ஒரு படி மேலே. அங்குள்ள பொது ஒளிபரப்பு நிறுவனமான ஓ.ஆர்.எஃப். ஃபேஸ்புக்கில் பக்கம் நடத்தவே தடை இருந்தது. 2013இல் அரசமைப்பு நீதிமன்றம்தான் அதை உடைத்தது. 2024 ஜனவரி 1 முதல், நிகழ்ச்சிகளுக்கு அங்கும் இருந்த ஏழு நாள் கெடு தளர்ந்தது. அதே நாளில் எழுத்துச் செய்திக்கு எண்ணிக்கை வரம்பு வந்தது: வாரத்துக்கு 350 மட்டுமே!