ஊரில் ஆளில்லை, வாடிக்கையாளர் இருக்கிறார்கள்: தீவகத்துச் சிறு வியாபாரிகளுக்கு

"ஊரில ஆக்கள் இல்லை, ஆருக்கு விக்கிறது?" தீவகத்தில் கடை வைத்திருப்பவர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. அதில் உண்மை இருக்கிறது. 1990 இடப்பெயர்வுக்குப் பின்னர் ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு எங்கும் பூட்டிய வீடுகளும் பற்றை மூடிய வளவுகளும் இன்னமும் உண்டு. ஆனால், போனவர்களில் பலர் ரொறன்ரோ, பாரிஸ், லண்டன் நகரங்களில் இருக்கிறார்கள். ஒடியலையும் பனங்கட்டியையும் கருவாட்டையும் அவர்கள் மறக்கவில்லை. சிதறிப்போன அந்த வாடிக்கையாளரைத் திரும்பக் கண்டுபிடிப்பதே இங்கே இணைய விற்பனையின் முதல் வேலை.

விலையை மறைக்காதீர்கள்

வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலி இலவசமானது. அதன் பொருட்பட்டியலில் படம், நிறை, விலை மூன்றையும் போடுங்கள். பாரிஸில் இரவு எட்டு மணிக்கு ஒருவர் விலை கேட்டால் இங்கே நள்ளிரவு. நீங்கள் விடிய எழும்பிப் பதில் எழுதும்போது அவர் உறங்கிவிடுவார். பட்டியலில் விலை இருந்தால் அந்த ஒருநாள் மிச்சம். இரவில் தானாகப் போகும் பதில் ஒன்றையும் அதிலேயே எழுதி வைக்கலாம்.

ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் 'புரோட்காஸ்ட்' பட்டியலில் ஒரு நுணுக்கம் உண்டு. உங்கள் இலக்கத்தைத் தம் தொலைபேசியில் பதிந்து வைத்தவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். ஆகவே முதல் ஓடரிலேயே, இலக்கத்தைப் பதிந்து வைக்கும்படி கேளுங்கள்.

கொப்பியை விடாதீர்கள்

தீவக முதலாளிமார் கொழும்பிலும் தென்னிலங்கையிலும் கடை நடத்திய காலத்தில் கொப்பிதான் அவர்களின் பலம். யார், என்ன வாங்கினார், எவ்வளவு பாக்கி என்பது அதில் இருக்கும். இன்றும் அதுவே வேண்டும். கூடுதலாக இரண்டு விடயங்களைக் குறியுங்கள்: அவருடைய உறவினர் இங்கே எங்கே இருக்கிறார், அவர் எப்போது ஊருக்கு வருவார். பிரான்சிலிருந்து மகன் காசு கட்ட, யாழ்ப்பாணத்தில் இருக்கும் தாய்க்குப் பொதி போகலாம். சுங்கச் சிக்கல் இல்லை. ஆனியில் நயினாதீவு நாகபூஷணி அம்மன் திருவிழாவுக்கு வருபவருக்கு ஒரு மாதம் முன்னரே செய்தி அனுப்பலாம்.

நெடுந்தீவில் சாப்பாட்டுக்கடையோ தங்குமிடமோ வைத்திருப்பவர்கள் கூகுள் வரைபடத்தில் கடையின் பெயர், திறக்கும் நேரம், தொலைபேசி இலக்கம் ஆகியவற்றைப் பதியுங்கள். இதற்கும் காசில்லை. குதிரைகளையும் கோட்டையையும் பார்க்க வருபவர் திரும்பும் படகுக்குள் சாப்பிட்டாக வேண்டும்.

கடலை மீறி வாக்குக் கொடுக்காதீர்கள்

காற்றுக் கடுமையானால் குறிகட்டுவான் படகு ஓடாது. "வெள்ளிக்கிழமை வரும்" என்று உறுதி சொல்லாமல், "படகு ஓடினால் வெள்ளி" என்று எழுதுங்கள். பிந்தினால் அன்றே அறிவியுங்கள். தாமதத்தை வாடிக்கையாளர் பொறுப்பார்; பதிலில்லாததைப் பொறுக்கமாட்டார்.

காசு கைமாறும் இலக்கம் என்பதால் வட்ஸ்அப்பின் இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள். குறுஞ்செய்தியில் வரும் ஆறு இலக்கக் குறியீட்டை எவருக்கும் சொல்லாதீர்கள். இலக்கம் களவு போனால் உங்கள் பெயரில் வெளிநாட்டு உறவுகளிடம் காசு கேட்பார்கள்.

கடைசியாக ஒன்று. போரில் கணவரை இழந்த பெண்ணின் கண்ணீரைப் படமெடுத்து மிளகாய்த்தூள் விற்கும் பதிவுகளைப் பார்க்கிறேன். இரக்கத்தில் வாங்குபவர் ஒருமுறை வாங்குவார். தூள் நன்றாயிருந்தால் மாதந்தோறும் வாங்குவார். அந்தப் பெண்ணுக்கு வேண்டியது இரண்டாவது ஓடர்.